நயம் கூட்டினால் ஆழம் கூடாது

புதையல் மெஷின் காட்டுறவன் எப்பவும் ஒரு இலக்கத்தோடதான் வருவான். பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கிற தங்கம் தெரியும் என்பான். இன்னொருத்தன் அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றே திசை காட்டும் என்பான். அந்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. மெஷின் ஜெர்மனியா ஜப்பானா, ஒரு ராத்திரிக்கு வாடகை என்ன, கிடைச்சா பங்கு எப்படி, இதெல்லாம் கேட்பாங்க. நான் இங்க சண்டை பிடிக்கப்போறது அந்த இலக்கத்தோட. கூடவே, "அதெல்லாம் சயன்ஸ் படிச்ச பிள்ளைங்க விஷயம், நமக்கு எதுக்கு" என்று கதவைத் திறந்து அந்த இலக்கத்தை உள்ளே விடுகிற நம்மளோடயும்.

எங்க மாமா ஒருத்தர் கலஹாப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். அந்தப் பக்கம் ஒவ்வொரு மலைக்கும் ஒரு ராசா கதை இருக்கு. 1815இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தப்பி ஓடுறப்ப புதைச்ச தங்கம் என்பாங்க. ராசா பிடிபட்டது மெதமஹநுவரப் பக்கம், கலஹா இருக்கிறது வேற திசையில். கதைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. மாமா, மாமியோட ரெண்டு பவுன் சங்கிலியை அடகு வச்சு மூணு ராத்திரிக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தார். ஆள் கையில் இருந்தது துப்பாக்கிப் பிடி மாதிரி ஒன்று, முன்னால் பழைய ரேடியோ அன்ரனா மாதிரி ஒரு கம்பி. கம்பி தானாத் திரும்பி ஒரு பாறையைக் காட்டிச்சாம். தோண்டினாங்க. பாறைக்குக் கீழே பாறை. தங்கம் தேடத் தங்கத்தை அடகு வச்ச கதையை வீட்டில் இப்ப சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. மாமி மட்டும் சிரிக்கிறதில்லை.

கம்பி திரும்புற மெஷின் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. ஜேம்ஸ் மக்கோர்மிக் என்ற பிரித்தானிய வியாபாரி ஏ.டி.ஈ.651 என்று ஒன்றை, குண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி, ஈராக் அரசாங்கத்துக்கே கோடிக்கணக்கில் விற்றான். தொலைஞ்ச கோல்ஃப் பந்து தேடுறதுக்கு என்று சுமார் 20 டொலருக்கு வித்த ஒரு விளையாட்டுச் சாமானிலிருந்து வந்த வேலை அது. உள்ளே எதையும் உணருகிற மின்சுற்று கிடையாது. பக்தாத் சோதனைச் சாவடிகளில் சிப்பாய்கள் அதை நம்பி வண்டிகளைப் போக விட்டாங்க, குண்டுகளும் போயிடுச்சு. 2013இல் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 10 வருஷம் கொடுத்தது. ஒரு அரசாங்கத்தையே ஏமாத்தின சாமான் என் மாமாவை ஏமாத்தினதில் ஆச்சரியம் இல்லை. அதனால்தான் "படிக்காத சனம், மூடநம்பிக்கை" என்று நம்ம பக்கத்திலேயே சிலர் எழுதுறதைப் பார்த்தா எனக்குக் கோபம் வருது. ஈராக்கில் வாங்கினது அமைச்சு அதிகாரிகள். மூடநம்பிக்கை என்று சொல்லிட்டுப் போறது ரொம்ப இலகு. அந்த மெஷின் ஏன் வேலை செய்யாது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் காட்டுறதுதான் கஷ்டம். நான் அந்தக் கஷ்டத்தைக் கொஞ்சம் பார்க்கப்போறேன்.

நான் கலைப்பீடம். ஏ.எல்.இல் தமிழ், வரலாறு, அரசறிவியல். உலோகம் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வீட்டிலேயே செய்யப்போறேன் என்று சொன்னதும் டவுனில் ரிப்பேர் கடை வச்சிருக்கிற நாநா, "தங்கச்சி, இது அயர்ன் பொக்ஸ் வேலை இல்லை" என்றார். பிறகு அவரேதான் பழைய ரேடியோ போர்டுகளிலிருந்து பாதிச் சாமான் கழட்டித் தந்தார். கம்பஸில் கேட்ட கேள்வி வேற மாதிரி: "ஆர்ட்ஸ் பிள்ளைக்கு ஒப்-ஆம்ப் எதுக்கு மச்சான்?" அந்த ஒப்-ஆம்புக்கு நம்ம நாட்டு ஏ.எல். பௌதிகவியல் புத்தகத்தில் செயற்பாட்டு விரியலாக்கி என்று ஒரு அழகான பேர் இருக்கு. எத்தனை மடங்கு பெருக்குது என்பதற்கு நயம் என்று பேர். என்ன ஒரு சொல்! தமிழ் படிக்கிற நாங்க நயம் என்றா கவிதை நயம் மட்டும்தான் என்று நினைச்சுக்கிட்டு இருக்கிறோம். சொல் இருக்கு, புத்தகம் இருக்கு, 16 வயசில் பாடத்துறை பிரிக்கிறப்ப பூட்டின பூட்டை நாமதான் வாழ்நாள் முழுக்கச் சாவி போட்டுப் பாதுகாக்கிறோம்.

சரி, கருவிக்கு வருவோம். நான் எடுத்தது துடிப்பு முறை. 20 சென்ரிமீட்டர் விட்டத்தில் எனாமல் கம்பியை 25 சுற்றுச் சுற்றினா 300 மைக்ரோஹென்றிக்குக் கிட்ட ஒரு சுருள் கிடைக்கும். அதுக்குள்ள மோட்டர் பைக் பெட்டரியிலிருந்து ஒரு கணம், விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம், ஒன்று ரெண்டு அம்பியர் விட்டு சட்டென்று வெட்டணும். வெட்டின உடனே சுருள் கோபப்பட்டு 300, 400 வோல்ட் வரைக்கும் எகிறும். (கை வைக்க வேண்டாம்.) பக்கத்தில் உலோகம் இருந்தா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் ஒன்று பிறந்து மெல்ல மெல்லச் சாகும். அது சாகிறப்ப எழுப்புகிற காந்தப்புலம் சுருளில் மறுபடி ஒரு சின்ன வோல்ட்டை உண்டாக்கும். அந்த முனகலைக் கேட்கிறதுதான் முழு வேலையும்.

முனகல் என்று சும்மா சொல்லலை. 400 வோல்ட் அடிச்சு ஓய்ஞ்சு, பத்து இருபது மைக்ரோவிநாடிக்குள்ள, சில மைக்ரோவோல்ட்டைக் கேட்கணும். கண்டிப் பெரஹரா பார்த்தவங்களுக்குத் தெரியும், ஊர்வலத்துக்கு முன்னால் கசை அடிக்கிறவங்க வருவாங்க. காதுக்குப் பக்கத்தில் அந்தக் கசை வெடிச்ச மறு கணம், வீதிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணோட வளையல் சத்தத்தைக் கேட்கணும் என்றா எப்படி? அந்த வேலையைச் செய்றதுதான் முன்முனை விரியலாக்கி. அதில் ஒரு தடையியும் முதுகுக்கு முதுகாக் கட்டின ரெண்டு இருவாயிகளும் காவலுக்கு நிற்கும். எவ்வளவு பெரிய அடி வந்தாலும் முக்கால் வோல்ட்டுக்கு மேல உள்ளே விடாது. அடி ஓய்ஞ்சதும் வழி விடும்.

வீட்டில் கருவி செய்ற பசங்க கிட்டத்தட்ட எல்லாரும் இந்த இடத்தில் ஒரே வேலையைத்தான் செய்றாங்க. ஆழம் போதலையா, நயத்தைக் கூட்டு. ஆயிரம் மடங்கு போதலையா, பத்தாயிரம். இதுவும் அந்தப் பத்து மீட்டர்க்காரன் புத்திதான், உபகரணம் மட்டும் வேற. விரியலாக்கிக்கு எது சைகை, எது இரைச்சல் என்று தெரியாது. வளையல் சத்தத்தை ஆயிரம் மடங்கு ஆக்கினா அதோட வந்த இரைச்சலும் ஆயிரம் மடங்கு ஆகும். கோயில் ஸ்பீக்கரை முழுசாத் திருகிட்டா ஐயர் சொல்ற மந்திரம் இன்னும் விளங்குமா?

இரைச்சல் எங்கிருந்து வருது? அழுக்கிலிருந்தோ மட்டமான சாமானிலிருந்தோ மட்டும் இல்லை. சும்மா கிடக்கிற ஒரு தடையிக்குள்ளேயே இலத்திரன்கள் சூட்டில் அலையுது, அந்த அலைச்சலே ஒரு வோல்ட். பெல் ஆய்வுகூடத்தில் ஜோன்சன் அதை அளந்து 1928இல் வெளியிட்டார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். தரவுத்தாள்களில் இதுக்கு ஒரு விசித்திரமான அலகு இருக்கு: வர்க்கமூல ஹேர்ட்ஸுக்கு இத்தனை நானோவோல்ட். பயப்பட வேண்டாம், இலக்கம் சின்னதா இருந்தா நல்லது என்று மட்டும் இப்போதைக்கு வச்சுக்குங்க. சாதாரண அறை வெப்பத்தில் 1 கிலோஓம் தடையிக்கு அது 4. எல்லாக் கடையிலும் கிடைக்கிற எல்.எம்.358 விரியலாக்கிக்கு 40க்குக் கிட்ட. டி.எல்.072க்கு 18. பழைய ஓடியோ ஆட்களுக்குப் பிடிச்ச என்.ஈ.5534க்கு 3.5 அல்லது 4. வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து எடுக்கிற எல்.டி.1028க்கு 1க்கும் குறைவு.

எல்லாரும் கடைசிப் பேருக்கு ஓடுவாங்க. ஓடுறதுக்கு முன்னால ஒரு கூட்டல் போட்டுப் பாருங்க. இரைச்சல்கள் நேரா கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கிச்சு, கூட்டி, மூலம் எடுக்கணும், ஓ.எல். கணக்குத்தான். காவலுக்கு நிற்கிற 1 கிலோஓம் தடையி எப்படியும் 4 கொடுக்கும். அதோட 5534 சேர்ந்தா மொத்தம் 5.3. அந்த விலை கூடின சிப் சேர்ந்தா 4.1. அவ்வளவுதான் லாபம். தடையியைப் பாதியாக்கலாமே என்றா, அதோட இரைச்சல் 4லிருந்து 2.8 ஆகத்தான் இறங்கும், இருவாயிகள் ரெண்டு மடங்கு அடி வாங்கும். அதே தடையியை வச்சுக்கிட்டு எல்.எம்.358 போட்டா மொத்தம் 40, நல்ல சிப்பை விடப் பத்து மடங்கு மோசம். ஆக, மட்டமானதைப் போடாதே, அதே நேரம் விலையைப் பார்த்தும் மயங்காதே. ரெண்டையும் சொல்றது ஒரே கணக்கு.

இன்னொரு விஷயம். ஆயிரம் நயத்தையும் ஒரே விரியலாக்கியில் எடுத்தா 5534 கூட மந்தமாயிடும், கசை ஓய்ஞ்ச உடனே வர்ற வளையலைத் தவற விட்டுடும். முப்பது, முப்பது என்று ரெண்டாப் பிரிக்கணும். முதல் கட்டம் முப்பது மடங்கு பெருக்கிட்டதால ரெண்டாம் கட்டத்தோட சொந்த இரைச்சல் உள்ளீட்டுக் கணக்கில் முப்பதில் ஒரு பங்குதான். அதனால ரெண்டாவது இடத்தில் மலிவான டி.எல்.072 தாராளமாப் போதும். காசு செலவழிக்கணும் என்றா முதல் வாசல்ல செலவழி. ஃபிரிஸ் என்ற பொறியியலாளர் இதைச் சூத்திரமா எழுதினது 1944இல்.

இப்ப ஆழம். சுருளிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனதும் காந்தப்புலம் தூரத்தோட மூன்றாம் அடுக்கில் குறையும். உலோகத்திலிருந்து திரும்பி வர்றதும் அதே மாதிரி மூன்றாம் அடுக்கில் குறையும். போய் வர்ற கணக்கு ஆறாம் அடுக்கு. ஒரு காசு 20 சென்ரிமீட்டரில் தெரியுது, அதே காசு 40இல் தெரியணும் என்றா சைகை 64 மடங்கு நல்லா இருக்கணும். அந்த விலை கூடின சிப் தந்த 5.3க்கும் 4.1க்கும் உள்ள வித்தியாசம் ஆழத்தில் எவ்வளவு என்று பார்த்தேன்: 20 சென்ரிமீட்டர் 20.9 ஆகுது. ஒரு சென்ரிமீட்டர் கூட இல்லை.

மாறாக, கருவி விநாடிக்கு ஆயிரம் துடிப்பு அடிக்குது. நூறு துடிப்பைச் சேர்த்துச் சராசரி எடுத்தா எழுந்தமானமான இரைச்சல் பத்தில் ஒன்றாகும், 20 சென்ரிமீட்டர் 29 ஆகும். அதுக்குத் தேவை ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும், பத்தில் ஒரு விநாடி பொறுமையும். பொறுமையைத்தான் எந்தக் கடையிலும் விற்கிறதில்லை.

பத்து மீட்டர்க்காரனைக் கூப்பிடுங்க இப்ப. 20 சென்ரிமீட்டருக்கும் 10 மீட்டருக்கும் இடையில் 50 மடங்கு. 50ஐ ஆறு தடவை பெருக்கினா சுமார் 1,560 கோடி. அதே சுருள், அதே காசு என்றா அத்தனை மடங்கு நல்ல சைகை வேணும். பெரிய சுருள் போட்டாப் பெரிய பொருள் இன்னும் ஆழத்தில் தெரியும், அது உண்மை. ஆனா சங்கிலி அளவு தங்கத்தைப் பத்து மீட்டரில் காட்டுறேன் என்கிறவன், இலத்திரன்களோட அலைச்சலையே நிறுத்திட்டேன் என்று சொல்றான். "இரகசியத் தொழில்நுட்பம்" என்பான். இந்தத் துறையில் உருப்படியா வேலை செய்ததெல்லாம் இரகசியமா இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி தேடும் கருவி செய்த போலந்து அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கி அதுக்குக் காப்புரிமைகூட எடுக்கலை, பிரித்தானிய இராணுவத்துக்குச் சும்மா கொடுத்தார். 1942இல் எல் அலமெயினில் அது போச்சு.

முன்முனை எவ்வளவு சுத்தமா இருந்தாலும் வெளியே உலகம் இருக்கு. போன் சார்ஜர், எல்.ஈ.டி. பல்ப், வீட்டு மேல போற 50 ஹேர்ட்ஸ் லைன் எல்லாத்துக்கும் உங்க சுருள் ஒரு அன்ரனா. உள் இரைச்சலா வெளி இரைச்சலா என்று அறிய, விரியலாக்கி உள்ளீட்டைச் சுருளிலிருந்து கழட்டி நிலத்தோட சேர்த்துக் கட்டிட்டு ஹெட்போனில் கேளுங்க. அப்பவும் இரைஞ்சா உங்க சுற்று, நின்னுட்டா உங்க ஊர். அதுக்கும் மேல மண் இருக்கு. கண்டிப் பக்கத்துச் சிவப்பு மண்ணில் இரும்பு ஒக்சைட் இருக்கு, காந்தத் தன்மை கூடின மண் என்றா அது தானே ஒரு முனகல் கொடுக்கும். அது இரைச்சல் இல்லை, உண்மையான சைகை, நீங்க தேடாத ஒன்றோட சைகை. அதை எந்த விரியலாக்கியாலும் துடைக்க முடியாது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டப்ப, உடம்புக்குள்ள குண்டு எங்க என்று தேட அலெக்சாண்டர் கிரஹம் பெல்லே தன்னோட கருவியோட வந்தார். கட்டில் மெத்தைக்குள்ள இருந்த கம்பிச் சுருள் குழப்பிச்சு, டாக்டர் வலப்பக்கத்தைத் தவிர வேற எங்கயும் தேட விடலை. குண்டு இருந்தது இடப்பக்கம். கருவி நல்லது. மெத்தையும் டாக்டரும்தான் பிழை.

"நீ புதையல் தோண்டுறவங்களுக்குப் பாடம் எடுக்கிற" என்று சொல்லப்போறவங்களுக்கு: இல்லை. இந்தக் கணக்குத் தெரிஞ்சவன் ராசா புதையலுக்கு மலை ஏற மாட்டான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி திணைக்கள அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டினா குற்றம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பழைய விகாரையையும் கோயிலையும் கிளறிப் போட்டவங்க கையில் இருந்த "ஸ்கேனர்" படங்களைப் பேப்பரில் பார்க்கிறோமே, அந்த மெஷின் தங்கத்தைக் காட்டாது. ஆனா கல்வெட்டுக் கிடக்கிற இடத்தை உடைக்கிற தைரியத்தைக் கொடுக்கும். முல்லைத்தீவுப் பக்கம் புலிகள் புதைச்ச தங்கம் என்று நீதிமன்ற அனுமதியோடயே எத்தனை தடவை தோண்டினாங்க, வெறுங்கையோட மூடினாங்க. நாட்டோட தங்க ஆசை சிங்களம் தமிழ் பார்க்கிறதில்லை.

நான் என் கருவியைச் செய்தது தண்ணிக் குழாய்க்கு. எங்க லயத்துப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் குழாய் எங்க ஓடுது, எங்க முடியுது என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது, கசிஞ்சா முற்றம் முழுக்கத் தோண்டணும். இரும்புக் குழாய் பெரிய இலக்கு, ஆழமும் ஒரு அடிக்குள்ளதான். இரண்டு பின்னேரத்தில் வளைவு வரைக்கும் சுண்ணாம்பால கோடு போட்டாச்சு.

இதே விஞ்ஞானத்தில் உயிரை வச்சு வேலை செய்றவங்க வடக்கில் இருக்கிறாங்க. முகமாலையில் வருஷக் கணக்கா வெடி அகற்றுறவங்களில் நிறையப் பேர் நம்ம வயசும் நம்மை விடக் கொஞ்சம் கூடின வயசுமான தமிழ்ப் பெண்கள். பி4 மாதிரி மிதிவெடிகளில் உலோகம் மிகச் சொற்பம், மற்றதெல்லாம் பிளாஸ்டிக். புலிகள் செய்த ஜொனி வெடிக்கு உறை மரம். கருவிக்கு நம்பிக் கேட்க முடியாத இடத்தில் அவங்க மண்ணை வாரியால் அங்குலம் அங்குலமா வாரி எடுக்கிறாங்க. இலங்கை மிதிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தது 2017 டிசம்பரில். அந்த வேலைக்கு என் கருவியோ உங்க கருவியோ எந்த விதத்திலும் ஆகாது, விளையாட்டுக்குக்கூட அங்க கொண்டு போகாதீங்க. நான் சொல்ல வர்றது வேற: இரைச்சலுக்குள்ள எது சைகை என்று பிரிக்கிற அறிவுக்கு உயிர் விலை இருக்கிற நாட்டில், அதே அறிவு இல்லாததைக் காசாக்கிற ஆள் ஒருத்தன் பக்கத்துத் தோட்டத்துக்கு நாளைக்கும் வருவான்.

அவன் வந்தா டயோட், ட்ரான்சிஸ்டர் எதுவும் பேச வேண்டாம். பத்துப் பூச்சட்டி எடுங்க, எல்லாத்திலும் ஒரே அளவு மண் போடுங்க. அவனை வீட்டுக்குப் பின்னால நிற்க வச்சிட்டு, ஒரே ஒரு சட்டிக்குள்ள மட்டும் மோதிரத்தைப் புதைங்க. எந்தச் சட்டி என்று சீட்டுக் குலுக்கி எடுங்க. புதைச்சவரும் அவன் வர்றப்ப பக்கத்தில் நிற்கக் கூடாது, கண்ணு காட்டிக் கொடுத்திடும். மூணு தடவை மாத்தி மாத்திச் செய்யுங்க. குருட்டாம்போக்கில் மூணும் சரியா வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான். பத்து மீட்டர் ஆழம் பார்க்கிற மெஷினுக்கு அரை அடிச் சட்டி ஒரு விஷயமே இல்லையே. "பூமியில் மட்டும்தான் வேலை செய்யும், சட்டியில் செய்யாது" என்பான். சரி, மண்வெட்டி எடுத்துட்டு வந்து முற்றத்திலேயே பத்துக் குழி வெட்டுங்க. வாடகையைப் பற்றி அதுக்குப் பிறகு பேசலாம்.